ரயில் பிரியர் நாளுக்காக நின்ற நெல்

எங்கள் அண்ணன் அவர்கள் நம்மை விட்டுப் போய் இந்த மார்கழியோடு ஒரு வருஷம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், அவர் ஓர் இடத்தில் உட்கார்ந்து எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? கூடவே வளர்ந்த எனக்கே நினைவில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு முழங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, எழுந்து ஓடத் தயாராகத்தான் இருப்பார். "உங்க அண்ணனுக்கு இலை போடறதும் ஒண்ணு, ஓடற பஸ்ஸுல ஏறுறதும் ஒண்ணு. ரசம் வர்றதுக்குள்ள ஆள் இறங்கிடுவாரு" என்று எங்கள் அண்ணி சொல்வார்கள்.

அண்ணன் பிறந்தது மயிலாடுதுறைக்குத் தெற்கே வாய்க்காலோரத் தெருவில், நாங்கள் நால்வரும் பிறந்த அதே கூரை வீட்டில். அப்பா பண்ணையாள். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார்கள். இரண்டு பேரும் உழைத்தது ஊரார் நிலத்தில். அந்த நிலத்தை ஒட்டி மீட்டர் கேஜ் ரயில் போகும். பத்தாவது முடித்த கையோடு அண்ணன் லோகோ ஷெட்டில் எஞ்சின் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். முதல் வாரம் வேலை முடிந்து வீட்டு வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து அம்மா, "யாருப்பா வேணும்?" என்று கேட்டார்கள். முகமெல்லாம் கரி. "உன் மவன்தான் வேணும்னு வந்தேன்" என்றாராம். அம்மா கடைசி வரை இதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

துடைக்கிற வேலையிலிருந்து கரி போடும் பயர்மேன், பிறகு டிரைவர். இரண்டு தங்கைகளையும் கட்டிக் கொடுத்தார். அப்பா படுக்கையில் விழுந்த இரண்டு வருஷமும், டியூட்டி முடிந்து வந்து குளிப்பாட்டியது அவர்தான். பண்ணை வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்கா, சென்னை என்று போய்விட்டு நிலத்தைக் கொடுக்க முன்வந்தபோது, ரயில் பாதையை ஒட்டிய ஆறு மா நிலத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, அண்ணன் வாங்கினார். என் பெயரில் பதிந்தார். "அண்ணே, உங்க பேருல வேணாமா?" என்றேன். "எனக்கு ஓடற நிலம் போதும்டா" என்றார்.

காலமும் ஓடத்தான் செய்தது. கரி எஞ்சின் போய் டீசல் வந்தது. அண்ணன் மகன் சிங்கப்பூர் போனான். எங்கள் தெருவில் அரிவாள் பிடித்த கைகளெல்லாம் திருப்பூர், சென்னை, துபாய் என்று கிளம்பிவிட்டன. அறுவடை என்றால் சேலம் பக்கத்திலிருந்து வரும் மெஷினைத்தான் நம்ப வேண்டும் என்று ஆயிற்று. அண்ணனும் ஓய்வு பெற்றார். ஓய்வு என்று அலுவலகத்தில் எழுதிக்கொடுத்தார்கள். அவர் அதை வாசித்தாரா என்பது எனக்குத் தெரியாது.

எல்லாப் பக்கமும் அகலப்பாதை வந்தபோது, எங்கள் கிளைப் பாதையில் ஒரு துண்டு மட்டும் பழையபடி நின்றது. அதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு நீராவி எஞ்சினும் மூன்று பெட்டியும் சுற்றுலாக்காரர்களுக்காக ஓடத் தொடங்கின. கரி போடத் தெரிந்த ஆள் வேண்டுமே! அண்ணனைக் கூப்பிட்டார்கள். எங்கள் கிராமத்தில் ஒரு மனிதர் இரண்டாம் முறை வேலைக்குச் சேர்ந்ததை அப்போதுதான் பார்த்தோம்.

அங்கே வந்துபோன ரயில் பிரியர்களில், பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் நித்யா என்ற பெண் ஒருத்தி. எஞ்சினைப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கும். "சார், எங்களுக்குன்னு ஒரு முழு நாள் ஒதுக்குங்க. வெளிநாட்டுலேர்ந்தெல்லாம் வர்றாங்க" என்று கேட்டது. அன்றிலிருந்து அண்ணனுக்குத் தூக்கமில்லை. ஒரு நீள நோட்டு வாங்கினார். எஞ்சினுக்குத் தண்ணீர் எங்கே பிடிப்பது, ரயில்வே கேட்டில் ஆடுகளை யார் ஓட்டுவது, வயசானவர்கள் இறங்க ஏணி, வெயிலுக்கு மோர், எல்லாம் அதில் ஏறியது. டீக்கடையில் நின்றபடி எழுதுவார். சைக்கிள் சீட்டில் வைத்து எழுதுவார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. போட்டோவுக்குக் கறுப்புப் புகை வேண்டும் என்றது அந்தப் பெண்.

"ஏம்மா, புகை வந்தா கரியைச் சரியா எரிக்கத் தெரியலைன்னு அர்த்தம். எங்க காலத்துல மெமோ கொடுப்பாங்க" என்றார் அண்ணன்.

"சார், ஒரு நாளைக்கு மட்டும் மெமோ வாங்கிக்கலாமே."

அண்ணன் நோட்டில், 'புகை: கொஞ்சம்' என்று எழுதிக்கொண்டார்.

படம் எடுக்கும் இடம் எது என்று பேச்சு வந்தது. பயணிகளை இறக்கிவிட்டு, ரயிலைப் பின்னுக்குக் கொண்டுபோய், மறுபடி முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். அவர்கள் வயலோரம் நின்று எடுப்பார்கள். அந்தப் பெண் போனில் ஒரு படத்தைக் காட்டியது. பழுத்த நெல், நடுவே ரயில். "இதே மாதிரி வேணும் சார்." அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "இது என் தம்பி வயல்தாம்மா. அப்படியே நிக்கும்" என்றார். தை மாசக் கடைசி ஞாயிறு என்று தேதி வைத்தார்கள். எனக்கு மறுநாள்தான் சொன்னார். கேட்கவில்லை, சொன்னார்.

அந்த வருஷம் நான் கொஞ்சம் முந்தியே நட்டிருந்தேன். ஞாயிறுக்கு ஆறு நாள் முன்பே கதிர் முழுக்க முற்றித் தலை சாய்ந்துவிட்டது. கையில் உருவினால் மணி உதிர்ந்தது. திங்கட்கிழமை பக்கத்து வயலில் மெஷின் இறங்கியது. மெஷினைக் கூட்டிவந்த புரோக்கர் வரப்பில் நின்றே கேட்டார்: "இறக்கட்டுமாண்ணே? இப்ப விட்டா அடுத்து பத்து நாள். வண்டி மாறிப் போயிடும்."

"ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் பார்ப்போம்" என்றேன்.

"ஏன், நல்ல நாள் பார்க்கறீங்களா?"

"ரயில் வருது."

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "ரயிலு வாராவாரம்தாண்ணே வரும். நெல்லு?" என்றுவிட்டுப் போனார்.

வீட்டில் என் மனைவி விடவில்லை. "ஏங்க, உங்க அண்ணன் ரயிலு ஓடறதுக்கு நம்ம நெல்லு நிக்கணுமா? நிலம் அவர் கொடுத்தது, சரி. பயிரு நம்மளுதுதானே?" செவ்வாய், புதன், வியாழன் என்று வயலுக்கும் வீட்டுக்கும் நடந்தேன். செருப்பு அறுந்தது. வானத்தில் ஒரு பஞ்சு மேகம் தெரிந்தாலும் மறுபடி வரப்புக்கு ஓடினேன். வெள்ளிக்கிழமை மாலை கடல் பக்கத்திலிருந்து, பூம்புகார்த் திசையில், கறுப்பாகத் திரண்டது. முற்றின பயிரில் மழை விழுந்தால் என்னாகும் என்று உங்களுக்குத் தெரியும். சாய்ந்து, தண்ணீரில் கிடந்து, கதிரிலேயே முளைத்துவிடும்.

சனிக்கிழமை காலை, அறுக்கப்போகிறேன் என்று சொல்லிவிடத் துணிந்து ஸ்டேஷனுக்குப் போனேன். மெஷினுக்கு எங்கே போவது என்பது வேறு கதை. முதலில் சொல்ல வேண்டும். அண்ணன் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நோட்டை விரித்தார். "இங்க பாருடா, பத்தே காலுக்கு உன் வயல். கயிறு கட்டி ஆளுங்களை நிறுத்தறேன். பச்சைக் கொடி என் கையில. நான் காட்டினாத்தான் எஞ்சின் நகரும்." முகத்தில் இருபது வயசு குறைந்திருந்தது. நான் வானத்தை ஒரு தரம் பார்த்தேன். சரிண்ணே என்று சொல்லித் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தால் மனைவி, "சொல்லிட்டீங்களா?" என்றாள். நான் தண்ணீர் கேட்டேன். "அப்ப சொல்லலை" என்றாள்.

மதியம் ஒரு மணி இருக்கும். தெருவே அதிர்ந்தது. பெல்ட் போட்ட அறுவடை மெஷின் ஒன்று வந்துகொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் சைக்கிளில் அண்ணன், கையைக் காட்டி வழி விலக்கிக்கொண்டு! நான் ஓடினேன்.

"ஏறச் சொல்லுடா வயல்ல. என்ன நின்னு பார்க்கறே?"

"அண்ணே, நாளைக்கு..."

"காலையில நான் நோட்டைக் காட்டறேன், நீ வானத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கறே. நானும் அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன்." குரலை இறக்கினார். "தேதி வெச்சப்ப காலண்டரைத்தாண்டா பார்த்தேன். உன்னைக் கேட்டிருக்கணும்."

முறை இல்லாத வேளையில் மெஷின் எப்படிக் கிடைத்தது? நாலாவது ஊரில் வேலை செய்துகொண்டிருந்த ஆத்தூர்க்கார டிரைவரிடம் போய், கரி எஞ்சினில் ஏற்றிக் காட்டுகிறேன், விசில் இழுக்க விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த டிரைவர் தம்பியும் இயந்திரப் பைத்தியம். சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்து வண்டியைத் திருப்பிவிட்டார்.

அண்ணன் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. தண்ணீர் டேங்கர் வரும் என்று சைக்கிளை மிதித்தார். அவர் மறைந்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். ரயில் மேட்டை ஒட்டிப் பத்தடி அகலத்துக்கு நெல்லை விட்டுவிடச் சொன்னேன். போட்டோவில் அதுவாவது பொன்னாகத் தெரியட்டும் என்று நினைப்பு. டிரைவர் சிரித்தார். "மொட்டை அடிச்சுட்டுக் குடுமி மட்டும் விடச் சொல்றீங்களேண்ணே!" பொழுது சாய்வதற்குள் மீதி எல்லாம் அறுத்து, நெல் வீடு சேர்ந்தது.

அன்று இரவு மழை கொட்டியது. விடிந்து பார்த்தால், விட்டு வைத்த குடுமி அத்தனையும் பாய் விரித்ததுபோல் படுத்துக் கிடந்தது.

ஞாயிறு பத்தே காலுக்கு ரயில் வந்தது. ஒரு நிமிஷம் முன்பின் இல்லை. நாற்பது, ஐம்பது பேர் காமிராக்களோடு இறங்கினார்கள். எல்லோர் மனசிலும் அந்தப் போன் படம். கண்ணெதிரே அறுத்த தாளும் சேறும். நித்யா போனைப் பையில் போட்டுக்கொண்டது. அண்ணன் பழைய நீலச் சட்டையில், கையில் கொடியோடு இறங்கினார். படுத்துக் கிடந்த நெல்லைப் பார்த்தார்.

"இதை ஏண்டா விட்டே?"

"உங்களுக்காகத்தாண்ணே."

ரயில் பின்னுக்குப் போய் நின்று, புறப்படலாமா என்று விசில் கொடுத்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் எல்லோரும் காமிராவைத் தூக்கிவிட்டார்கள். அண்ணன் கொடியை உயர்த்தவில்லை. என் இடுப்பிலிருந்த அரிவாளை உருவினார். கொடியை நித்யாவிடம் கொடுத்து, "பிடிம்மா, நான் சொல்றப்ப காட்டு" என்றார். வேட்டியாக இருந்தால் மடித்துக் கட்டியிருப்பார். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

உங்களில் பலருக்கு இது தெரியாது. அப்பா ஊரார் வயலில் குனிந்ததைப் பார்த்து வளர்ந்த அண்ணன், பதினாறு வயசுக்குப் பிறகு அரிவாளைத் தொட்டதில்லை. எங்கள் சொந்த வயலிலும் தொட்டதில்லை. அன்றைக்குக் குனிந்தார். இடது கையால் சாய்ந்த தாளை அள்ளித் தூக்கி, அடியில் வெட்டி, அரி அரியாக மேட்டில் வைத்தார். கை ஒன்றையும் மறந்திருக்கவில்லை. நானும் இறங்கினேன். என் மனைவி எனக்கு முன்னால் இறங்கிவிட்டிருந்தாள். மறுபடி விசில்.

"அண்ணே, ரயில் நிக்குது" என்றேன்.

"நிக்கட்டும்டா. எத்தனை நாள் நம்ம நெல்லு நின்னுச்சு?"

இருபது நிமிஷத்துக்கு மேல் நின்றது. கயிற்றைத் தாண்டி யாரும் வரவில்லை. ஆத்தூர் டிரைவர் மட்டும் எஞ்சினிலிருந்து குதித்து ஓடிவந்து கட்டுகளைத் தூக்கினார். பிறகு அண்ணன் நிமிர்ந்து தலையசைக்க, நித்யா கொடியைக் காட்ட, ரயில் புகை கக்கிக்கொண்டு ஓடியது. கொஞ்சப் புகை இல்லை, மெமோ கொடுக்கிற புகை. இந்த மலரின் அட்டையில் நீங்கள் பார்ப்பது, அதற்கு முன் அந்தப் பெண் எடுத்த படம்: பின்னால் எஞ்சின் காத்து நிற்கிறது, முன்னால் அண்ணன் குனிந்து அறுக்கிறார்.

அடுத்த வருஷத்துக்கும் அதே நோட்டில் திட்டம் தொடங்கினார். மார்கழியில் ஒரு காலை, ஸ்டேஷனுக்கு நடக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டருகே சாய்ந்தார். கேட் கீப்பர் அம்மா தாங்கிப் பிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு நாளும் கால் விரல்கள் ஆடிக்கொண்டே இருந்தன. நோட்டைக் கேட்டு வாங்கி, படுத்தபடி ஏதோ எழுதினார். மூன்றாம் நாள் விடியலில் விரல்கள் நின்றுவிட்டன. அதைப் பார்த்துத்தான் அண்ணி, "போயிட்டாரு" என்றார்கள். அந்த வருஷ ரயில் பிரியர் நாளை நித்யாவின் சங்கத்தார் தாங்களே நிறுத்திவிட்டார்கள்.

அண்ணனைத் தாங்கிய கேட் கீப்பர் அம்மாவுக்கும், ஆட்டோவைப் பறக்கவிட்ட எங்கள் தெருப் பிள்ளைக்கும், கால் பிடித்துவிட்ட நர்ஸுகளுக்கும், சிங்கப்பூரிலிருந்து மகன் வந்து சேரும்வரை பந்தலில் கிடந்த ஷெட் நண்பர்களுக்கும், துக்கம் கேட்க ஆத்தூரிலிருந்து வந்த மெஷின் டிரைவர் தம்பிக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. சோறு பொங்கிய பெண்களின் பெயரையெல்லாம் எழுத இடமில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வருஷம் அந்த நாளை அண்ணன் நினைவாக நடத்த வேண்டும் என்று நித்யா கேட்கிறது. எந்த ஞாயிறு, டிக்கெட் போட வேண்டும் என்று மூன்று தரம் போன் வந்துவிட்டது. நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அண்ணன் எழுதியது ஒரே வரி: 'முதலில் தம்பியைக் கேட்க வேண்டும்.' நேற்றும் வயலுக்குப் போய் ஒரு கதிரை நசுக்கிப் பார்த்தேன். இப்போதுதான் பால் பிடித்திருக்கிறது. முற்றட்டும், அறுத்து வீடு சேரட்டும். தேதி சொல்கிறேன். எல்லோரும் வாருங்கள்.