குழியில் வெந்த சாடி

பொக்லைன்காரரின் கையிலிருந்து முதலில் நழுவியது டீ கிளாஸ். அடுத்தது சட்டைப் பொத்தான். ஒரு காலையில் கண்ணாடி முன்னால் நின்று நெடுநேரம் மல்லுக்கட்டியும் பொத்தான் துளைக்குள் போகவில்லை.

"சட்டையை நீங்க போடறீங்களா, சட்டை உங்களைப் போடுதா?" என்று தையல் மிஷினிலிருந்து மனைவி கேட்டாள். அவள் தையல்காரி. பொத்தான் விஷயத்தில் கேலி பேச அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் எழுந்து வந்து பொத்தானைப் போட்டுவிடும்போது அவர் விரல்களைத் தொட்டவள், அப்புறம் கேலி பேசவில்லை. அவை வெளிறிப்போய், சில்லிட்டுக் கிடந்தன.

மீசை அரும்பிய வயதில் அந்த மண் தோண்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்தவர். ஊரில் எழுந்த பாதிக் கட்டடங்களுக்கு அஸ்திவாரக் குழி அவர் தோண்டியது. வண்டியின் அதிர்வு லீவர் வழியாக உள்ளங்கையில் ஏறி, வருஷக்கணக்கில் அங்கேயே குடியிருந்துவிட்டது. டாக்டர் ஒவ்வொரு விரலிலும் ஊசி முனையை வைத்துப் பார்த்தார். இரண்டு கையிலும் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் உணர்ச்சி ஏறக்குறைய போய்விட்டது.

"இனிமே வண்டியில ஏறாதீங்க. மிச்சத்தைக் காப்பாத்தலாம். போனது திரும்ப வருமான்னு என்னால சொல்ல முடியாது" என்றவர், தினமும் அமுக்கச் சொல்லி ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அனுப்பினார்.

அந்தப் பந்து அவருக்கு ஒத்துவரவில்லை. "அமுக்கினதும் பழையபடி ஆயிடுது. நான் அமுக்கினேங்கிறதுக்கு ஒரு அத்தாட்சி வேண்டாமா?" என்று மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

பாக்கியிருந்த ஒரே ஒரு குழியைத் தோண்டிக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் சாவியை ஒப்படைத்துவிடுவது என்று முடிவெடுத்தார். அந்தக் குழியில் ஆள் உயரத்துக்குக் கீழே மண்ணின் நிறம் மாறியது. சாம்பல் நிறக் களிமண். வாளியின் பற்கள் இழுத்த தடம் வெண்ணெயில் கத்தி போன மாதிரி பளபளத்தது. இத்தனை வருஷமும் அந்தக் களியை அவர் திட்டாத நாள் இல்லை. வாளியில் அப்பிக்கொண்டு விழ மறுக்கும், டயரைப் பிடித்து உட்கார்த்திவிடும். அன்றைக்கு இறங்கிப் போய் ஒரு கை அள்ளி அமுக்கினார். கையைத் திறந்தபோது நாலு விரலும் கட்டைவிரலும் ரேகையோடு அதில் பதிந்திருந்தன. இரண்டு சாக்கு நிறைய அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"டாக்டர் பந்து அமுக்கச் சொன்னா, நீங்க ஊரையே பெயர்த்து எடுத்துட்டு வந்திருக்கீங்க" என்றாள் மனைவி.

பின்கட்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அமுக்க ஆரம்பித்தார். உருண்டைக்கு நடுவே கட்டைவிரலை விட்டு, சுற்றிச் சுற்றிக் கிள்ளிக்கொண்டே போனால் அது தானாகவே கிண்ணமாக விரிந்தது. கோணல்தான். ஆனாலும் கிண்ணம். வெயிலில் நன்றாகக் காய்ந்ததும் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, "பாரு" என்றார். இருவரும் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தின் அடி தளர்ந்தது. பிறகு விளிம்பு சரிந்தது. கடைசியில் மேஜை மேல் சேறும், சேற்றைத் துடைக்கும் மனைவியும், துணி எடுத்துக் கொடுக்கும் அவருமாக மூன்று பேர் மிஞ்சினார்கள்.

"சுடணும். அவ்வளவுதானே? சுட்டுட்டா போச்சு" என்றார் அவர்.

அவ்வளவுதான் இல்லை என்று தெரிய அதிக நாள் ஆகவில்லை. பின்கட்டின் மூலையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினார். வண்டியில் மலை மலையாக மண் அள்ளியவருக்கு மண்வெட்டியில் அந்தச் சின்னக் குழி வெட்டவே மூச்சு வாங்கியது. அடியில் மரக்கடையிலிருந்து வாங்கிவந்த மரத்தூள், அதன்மேல் புதிதாகச் செய்த கிண்ணங்களும் ஒரு சின்னக் குடுவையும், மேலே சருகும் விறகும். பற்ற வைத்தார். நெருப்பு ஏறி நன்றாகப் பிடித்த நேரத்தில் குழிக்குள்ளிருந்து 'டப்' என்றது. மறுபடி 'டப்'. தீபாவளி வெடி தோற்றுப்போகும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தெரு நாய் ஓடிப்போனது உண்மை. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கிண்ணம் போய்க்கொண்டிருந்தது.

புகையோ நேராக மாடிக்குப் போனது. மாடியில் ஒரு நர்ஸ் குடியிருந்தாள். ராத்திரி டியூட்டி முடித்து வந்து பகலில் தூங்குகிறவள். மொட்டைமாடிக் கொடியில் அவளுடைய வெள்ளை யூனிஃபார்ம்கள் காய்ந்துகொண்டிருந்தன.

"அண்ணே! என்ன கொளுத்தறீங்க? வீட்டையா?" என்று கத்திக்கொண்டே படியிறங்கி வந்தாள். திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தாள். ஆனால் அவர் குழிக்குள் சரிந்த ஒரு விறகைக் கையாலேயே எடுத்து நேராக வைப்பதைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். நடுவிரல் நுனியில் தோல் வெந்து கொப்பளித்திருந்தது.

"சுட்டது தெரியலையா?"

"தெரியல தங்கச்சி."

தையல்காரி வாசலில் நின்று இதைக் கேட்டாள். மரத்துப்போச்சு, மரத்துப்போச்சு என்று கணவர் சொன்னதெல்லாம் இவ்வளவு தூரம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நர்ஸ் மருந்து போட்டுக் கட்டிவிட்டு, "அக்கா, இவரை நெருப்புப் பக்கம் விடாதீங்க. யூனிஃபார்மை நான் மறுபடி துவைச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சண்டை.

"கை போனது பத்தாதா? மண்ணாங்கட்டிக்காக மிச்ச விரலையும் பொசுக்கிக்கணுமா?"

"பயந்து உட்கார்ந்துட்டா மட்டும் கை நல்லாயிடுமா? நாள் பூராவும் ஜன்னல் வழியா தெருவைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கச் சொல்றியா? நான் தோண்டின குழி எல்லாத்துலயும் அடுத்தவங்க கட்டடம் நிக்குது. என் பேருக்கு ஒரு கிண்ணமாவது நிக்கட்டும்."

அவர் அழுத்தி எதையும் பேசுகிற ஆள் இல்லை. அதனால்தானோ என்னவோ, அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "சரி. ஆனா சூடு பார்க்கற வேலை என்னோடது. நான் கையை வைங்கன்னு சொன்னாத்தான் வைக்கணும். இதுல பேரம் இல்லை."

மறுநாள் இருவருமாகச் சாம்பலைக் கிளறி, வெடித்த துண்டுகளைப் பொறுக்கினார்கள். "ஏன் வெடிச்சுது?" என்றாள். ஈரம் உள்ளே இருந்தால் ஆவியாகி வெடிக்கும் என்று அவருக்குத் தெரிந்தேயிருந்தது. "நல்லாக் காஞ்சுடுச்சே, தொட்டுத்தானே பார்த்தேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. எந்த விரலால் தொட்டுப் பார்த்தார்?

காய வைத்திருந்த இன்னொரு கிண்ணத்தை அவள் எடுத்துக் கன்னத்தில் ஒத்தினாள். "இங்க பாருங்க, சில்லுன்னு இருக்கு. இஸ்திரி போடறதுக்கு முன்னால துணியை இப்படித்தான் பார்ப்பேன். கை பொய் சொல்லும், கன்னம் சொல்லாது." அவரும் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். நாலு நாள் தாடிக்கு நடுவிலும் அந்த ஈரம் தெளிவாகத் தெரிந்தது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, "முதல்ல சவரம் பண்ணுங்க. மண்ணுக்கு வலிக்கும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் அவசரப்படவில்லை. வெடித்த துண்டுகளைச் சுத்தியலால் தட்டிப் பொடியாக்கி, சல்லடையில் சலித்து, புதுக் களியில் கலந்தார். வெறும் களி நெருப்பில் இறுகும்போது விரிசல் விடும். சுட்ட பொடி உள்ளே இருந்தால் தாங்கும். தோற்றுப்போனதை அரைத்து மாவில் சேர்க்கிற வேலை அவர் மனசுக்குப் பிடித்துப்போனது. கிண்ணத்தை விட்டுவிட்டு இந்த முறை ஒரு சாடி என்று முடிவெடுத்தார். முழங்கால் உயரத்தில், வயிறு பெருத்த சாடி.

களியைக் கயிறு மாதிரி உருட்டி, வட்டத்தின் மேல் வட்டமாக அடுக்கி, உள்ளேயும் வெளியேயும் இழுத்துப் பூசிக்கொண்டே போனார். விரல் நுனிதான் செத்துக் கிடந்தது, உள்ளங்கையும் கட்டைவிரலும் உயிரோடிருந்தன. அவற்றை வைத்தே ஒப்பேற்றினார். ஒரு பக்கம் பிதுங்கியிருப்பதாகச் சந்தேகம் வந்தபோது மனைவியைக் கூப்பிட்டார். அவள் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துச் சாடியைச் சுற்றி அளந்தாள்.

"கழுத்து சரி. மார்பு சரி. இடுப்புதான் இடது பக்கம் கூடுதல். எப்போ டெலிவரி வேணும் மேடத்துக்கு?" என்று சாடியையே கேட்டாள்.

பின்கட்டில் சுடுவது இனி நடக்காது. நர்ஸின் தூக்கம் கிடக்கட்டும், காற்றும் அங்கே கண்டபடி அடித்தது. ஊருக்கு வெளியே கைவிட்டுப்போன ஒரு கல்குவாரி அவருக்கு ஞாபகம் வந்தது. மூன்று பக்கமும் பாறைச் சுவர், காற்று உள்ளே நுழையாது. குவாரிக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பழைய போர்வையில் சுற்றிய சாடியோடு ஆட்டோ ஏறினார்கள். தையல்காரி அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

"குழந்தைக்கு உடம்பு சரியில்லையாம்மா?" என்றார் ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து.

"நல்லாத்தான் இருக்கு. இனிமேதான் காய்ச்சல் வரணும். பள்ளத்துல விட்டுடாதீங்க."

குவாரியில் முதலில் சாடியைச் சுற்றிச் சின்ன நெருப்பு வைத்து, மெதுவாகச் சூடேற்றினார்கள். கூடவே கொண்டுபோன கிண்ணங்களும் வெதுவெதுப்பாயின. பிறகுதான் குழி, மரத்தூள், விறகு. பக்கவாட்டில் வாழைப்பழத் தோலும் ஒரு கை உப்பும் தூவினார். நிறம் ஏறும் என்று யாரோ சொன்னது. நெருப்பு எரிந்து தணிந்ததும் மேலே தகரத்தைப் போட்டு மூடினார். இந்த முறை வெடிச் சத்தமே இல்லை. அந்த அமைதியைத் தாங்க முடியாமல்தான் அவர் தப்பு செய்தார். மனைவி தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் ஒரு கம்பியால் தகரத்தை நகர்த்திப் பார்த்தார். குளிர்ந்த காற்று உள்ளே இறங்கியது. 'டிங்' என்று மெல்லிய சத்தம், கண்ணாடியில் நகம் பட்டது போல. சாடியின் வாயிலிருந்து வயிறுவரை ஒரு கோடு ஓடி நின்றது.

அவள் திரும்பி வந்து பார்த்தாள். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தாள். அவர்தான் பேசினார்.

"வெடிக்கலை, பார்த்தியா? காய்ச்சல் சரியாத்தான் இருந்தது. நான்தான் பொறுக்கலை."

"அப்போ அடுத்த தடவை உங்களை எங்க கட்டிப் போடறது?"

"மூடினதும் வீட்டுக்குப் போயிடலாம். மறுநாள் காலையில நீதான் தகரத்தை எடுக்கணும்."

விரிசல் விட்ட சாடியை அங்கேயே உடைத்து, துண்டுகளைச் சாக்கில் கட்டினார். அடுத்த சாடியின் மாவுக்கு அது வேண்டும்.

இடையில் பழைய முதலாளி அவரைத் தேடி வீட்டுக்கு வந்தார். புது வண்டி வாங்கியிருக்கிறாராம். ஏசி கேபின், அதிர்வே தெரியாதாம். "பழகின கை வேற எங்க கிடைக்கும்? வந்துடுப்பா" என்றார். பொக்லைன்காரர் அப்போது புதுச் சாடியின் வயிற்றை ஒரு வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிக்கொண்டிருந்தார்.

"பழகின கை இப்போ வேற வேலையில இருக்குதுண்ணே" என்றார், தேய்ப்பதை நிறுத்தாமல்.

"இந்தச் சட்டிபானை வேலையிலயா?"

"ஆமா. இன்னும் சரியா வரலை. வந்ததும் சொல்றேன்."

முதலாளி தையல்காரியைப் பார்த்தார், அவளாவது புத்தி சொல்வாள் என்று. அவள் வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு தையலில் மும்முரமாக இருந்தாள்.

மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் மறுபடி குவாரிக்குப் போனார்கள். சுட்டார்கள், மூடினார்கள், சொன்னபடியே வீட்டுக்குத் திரும்பினார்கள். மறுநாள் காலையில் இருவரும் குவாரிக்குப் போனபோது நர்ஸும் டியூட்டி முடித்த கையோடு நேரே அங்கே வந்து சேர்ந்தாள். "என் துணியை நாறடிச்சது உருப்படியா எதையாவது குடுக்குதான்னு பார்க்கணும்" என்றாள்.

தையல்காரி தகரத்தை எடுத்துவிட்டு, சாம்பலின் மேல் புறங்கையைக் காட்டிப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. "ம், வைங்க" என்றாள்.

அவர் இரண்டு உள்ளங்கையாலும் சாம்பலை ஒதுக்கிச் சாடியை வெளியே எடுத்தார். ஒரு பக்கம் செங்கல் சிவப்பு. இன்னொரு பக்கம், மரத்தூள் மூடி எரிந்த இடத்தில், மழை மேகம் போலக் கறுப்பு. இரண்டுக்கும் நடுவே உப்பு பட்ட இடத்தில் யாரும் தீட்டாத ஆரஞ்சு வரி. நர்ஸ் விரலை மடக்கித் தட்டினாள். ணங்கென்று ஒலித்து, பாறைச் சுவரில் பட்டுத் திரும்பியது.

அவர் சாடியைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். முகமெல்லாம் சாம்பல்.

"அழறீங்களாண்ணே?"

"சாம்பல் கண்ணுல விழுந்துடுச்சு தங்கச்சி."

கூடவே வைத்த கிண்ணங்களில் ஒன்று பிளந்திருந்தது. வீட்டுக்குப் போனதும் சாடியில் தண்ணீர் நிரப்பினார்கள். கரையவில்லை. வெளியே லேசாக வியர்த்தது, அவ்வளவுதான்.

அவர் விரல்களுக்கு உணர்ச்சி திரும்பி வரவில்லை. இன்றைக்கும் சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிடுகிறாள். ஆனால் வாரம் தவறாமல் குவாரியில் புகை எழுகிறது. பூச்செடிக்காக இரண்டு தொட்டி சொல்லிவைத்திருக்கிறாள் நர்ஸ். முதல் தொட்டி குழியிலேயே வாய் பிளந்தது. அதைப் பொடித்து, அதே மாவில் பிசைந்து, இரண்டாவதைத் தொடங்கியிருக்கிறார். அது இப்போது இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து, பழைய குழிக்குள் அடங்காமல் நிற்கிறது. நாளைக்குக் குழியை அகலப்படுத்தப் போகிறார்களாம். மண்வெட்டியை யார் பிடிப்பது என்பதில்தான் வீட்டில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.