கறுப்புக் கயிறு கட்டிய ராக்கெட்

ஒன்பதாம் வகுப்பில் நான் செய்த தண்ணீர் ராக்கெட்டைப் பற்றி யாராவது கேட்டால், "அது பறக்கலை" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். மீதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்கு முந்தின வாரம்வரை நன்றாகத்தான் பறந்தது. செல்லூரில் எங்கள் தெருவிலிருந்து இறங்கினால் வைகை. தண்ணீர் இல்லாத அந்த மணலில்தான் சோதனை எல்லாம். பெரிய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, தலைகீழாக ஸ்டாண்டில் செருக வேண்டும். அதன் கழுத்தைச் சுற்றிலும் கேபிள் டைகள், வயர்களைச் சேர்த்துக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டைகள், பிடித்திருக்கும். அவை விரிந்துவிடாமல் மேலே ஒரு பிவிசி வளையம். தள்ளி நின்று, ஸ்டாண்டிலிருந்து வரும் நீள டியூபின் முனையிலுள்ள வால்வில் சைக்கிள் பம்பால் காற்றை ஏற்றிவிட்டு, வளையத்தில் கட்டிய கயிற்றை இழுத்தால் வளையம் கீழே இறங்கும், டைகள் விரியும், ராக்கெட் சீறிக்கொண்டு போகும். தெருப் பிள்ளைகள் கூட்டமாக வந்து வாயைப் பிளந்தார்கள். அம்மாவுக்குக் கவலை அங்கேதான் ஆரம்பித்தது.

அம்மா தறிக்கூடத்தில் வேலை பார்ப்பவள். புது மிக்ஸி வாங்கினாலும் சரி, பிறந்த பிள்ளையானாலும் சரி, கறுப்புக் கயிறு கட்டாமல் விடமாட்டாள். கண்காட்சி அன்று அரை நாள் லீவு போட்டுப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். நான் ராக்கெட்டை ஸ்டாண்டில் பூட்டிவிட்டுப் பம்பு எடுக்கப் போன நேரத்தில் வேலையை முடித்திருக்கிறாள். திரும்பி வந்தபோது பாட்டிலில் மையால் வைத்த பொட்டு மட்டும்தான் என் கண்ணில் பட்டது. "என்னம்மா இது, கொழந்தையா?" என்று சிரித்தேன். "எம்புட்டுப் பேரு கண்ணு பட்டிருக்கும். பேசாம விடுடி" என்றாள்.

மாவட்டக் கண்காட்சிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரு படைப்புதான் தேர்வாகிப் போகும். ஆளுக்கு ஒரே வாய்ப்பு. நடுவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அறிவியல் சார் மைக்கில், "காத்து ஏத்துன பாட்டில் வெடிச்சாலும் வெடிக்கும், கெளம்புனா மூஞ்சியப் பேத்துரும். யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது" என்று எச்சரித்தார். நான் பம்பை அடித்தேன். கை வலிக்கிறவரை அடித்துவிட்டுக் கயிற்றை இழுத்தேன்.

வளையம் இறங்கியது. ராக்கெட் அசையவில்லை.

மறுபடியும் இழுத்தேன். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. பாட்டிலின் கழுத்தோடு டைகளையும் சேர்த்துக் கறுப்புக் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது. தறிக்காரியின் முடிச்சு, தானாக அவிழாது. ஆனால் பாட்டில் லேசாக நடுங்கியது. டைகள் எந்த நேரமும் நழுவலாம்.

"காத்த எறக்கிரும்மா" என்றார் சார். வால்வு என் காலடியில்தான் இருந்தது. இறக்கினால் அத்தோடு என் வாய்ப்பு முடிந்தது. அந்தக் கயிற்றை மட்டும் அறுத்துவிட்டால் பறந்துவிடும் என்று தோன்றியது. புத்தி கெட்ட கால், கோட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் அடி வைத்தேவிட்டது.

அதற்குள் அம்மா என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். ஓடவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். சார் கத்தினார். "ம்மா, போகாதம்மா!" என்று நானும் கத்தினேன். அவள் திரும்பவில்லை. ராக்கெட்டின் பக்கத்தில் மண்டியிட்டு, பல்லால் முடிச்சைக் கடிக்க முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள்.

தலையிலிருந்த ஹேர்பின்னை உருவினேன். பம்பின் வாயைக் கழற்ற முடியவில்லை, கை வேர்த்து வழுக்கியது. கடைசியில் அதைப் பிய்த்தெறிந்துவிட்டு வால்வுக்குள் பின்னைக் குத்தி அழுத்தினேன். தண்ணீரும் காற்றுமாக என் மூஞ்சியில் பீய்ச்சியடித்தது. புஸ்ஸென்ற சத்தம் ஓய்கிறவரை பின்னை எடுக்கவில்லை. நிமிர்ந்தபோது நடுவர்கள் எரிமலை செய்து வைத்திருந்த பையனின் மேசைக்குப் போயிருந்தார்கள்.

வீட்டுக்குப் போகும்போது அம்மாவை விட்டு முன்னால் வேகமாக நடந்தேன். தோற்றதற்காக இல்லை, பயம் அத்தனையும் கோபமாக மாறியிருந்தது. தெருமுனையில் அது வெடித்துவிட்டது. "சார் மைக்ல அம்புட்டுச் சொன்னாருல்ல? உனக்குக் காது கேக்கலையா? மூஞ்சி போயிருக்கும்மா!"

"கேட்டுச்சு" என்றாள் அம்மா. "நீ கோட்டத் தாண்டுனதப் பாத்தேன். நீ போறதுக்குள்ள நான் போயிட்டேன்."