சன்னல் மூலைக்கு நடந்த பாடம்

சந்தாபுராவில் என் மகள் வீட்டில் காலை பத்து மணிக்கு மேல் மிக்ஸி போடக் கூடாது. அவள் லேப்டாப்பைத் திறந்துவிடுவாள். அதில் பன்னிரண்டு கட்டம், கட்டத்துக்கு ஒரு டீச்சர். டீச்சர்களோடு கூட இருந்து, பாடம் நடத்துவதைச் செம்மைப்படுத்துவதுதான் அவள் உத்தியோகம். கன்சல்டன்ட் என்று கார்டு அடித்து வைத்திருக்கிறாள். லிஃப்டில் யாராவது கேட்டால் நான் "டீச்சருங்களுக்கே டீச்சர்" என்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். வரட்டும் என்றுதான் சொல்வது.

போன வாரம் அவளுக்குக் காபி வைக்கப் போனவள் அப்படியே பின்னால் நின்றுவிட்டேன். கேமராவில் என் முந்தானை மட்டும் தெரிந்ததாம். அவள் கேள்வி கேட்கும்போதெல்லாம் யாரைப் பார்த்துக் கேட்கிறாள் என்று கவனிக்கத்தான் நின்றேன். இந்தப் பழக்கம் எனக்கு ஒரு ஸ்டூலால் வந்தது.

மூன்று கால் ஒழுங்காக நிற்கும், நாலாவது கால் கொஞ்சம் யோசிக்கும், அப்படி ஒரு மர ஸ்டூல். ஸ்ரீராம்புரத்தில் ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலில் நான் ஆயாவாக இருந்தபோது, நாலாம் வகுப்பு வாசலில் எனக்கென்று போட்டிருந்தது. மணி அடிப்பது, ஃபினாயில் ஊற்றித் துடைப்பது, அழுகிற பிள்ளைக்கு மூக்கைச் சிந்திவிடுவது, இதற்கெல்லாம் நடுவில் உட்கார அதுதான். நான் மூன்றாவதோடு நின்றவள். எப்படியோ நாலாம் வகுப்பு வாசல்வரைக்கும் வந்துவிட்டேன் என்று எல்லாரிடமும் பெருமையடித்துக்கொள்வேன்.

அந்த வகுப்பு பிலோமினா மிஸ்ஸுடையது. காக்ஸ் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பக்கத்தில் போனால் சாக்பீஸ் வாசனையும் யூடிகொலோன் வாசனையும் கலந்து வரும். இப்போதும் மெடிக்கல் ஷாப்பில் அந்த வாசனை வந்தால் நான் சேலையைச் சரிசெய்துகொள்கிறேன். என் மகளுக்கு அந்த ஸ்கூலில் இடம் கிடைத்ததே மிஸ் பிரின்சிபாலிடம் போய் நின்றதால்தான்.

அவள் நாலாம் வகுப்புக்கு, மிஸ்ஸிடமே, வந்த வருஷம் பிரின்சிபால் வெளியிலிருந்து ஒரு அம்மாவை வரவழைத்தார். மூன்று தடவை வந்து மிஸ் வகுப்பைப் பார்ப்பாராம். அதற்கப்புறம் மிஸ்ஸை வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்களாம். மிஸ் இதை டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே என்னிடம் சொன்னார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அந்த எலுமிச்சை சாதத்தை நான்தான் சாப்பிட்டேன், ரொம்ப வருத்தத்தோடு.

வந்தது ஒரு கன்னடக்காரம்மா. காட்டன் புடவை, தோளில் ஜோல்னாப் பை. இன்ஸ்பெக்டர் என்று நினைத்துப் பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. அவரோ யார் நோட்டையும் வாங்கிப் பார்க்கவில்லை. என் ஸ்டூலைக் கேட்டு வாங்கிக் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். பீரியட் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. சும்மா உட்கார்ந்து பார்ப்பதற்கு ஒரு உத்தியோகமா என்று எனக்கு ஆச்சரியம். நானும் ஆறு வருஷமாக அதைத்தானே செய்கிறேன், எனக்கு ஒருத்தரும் டீ கொடுத்ததில்லையே.

ஸ்டூல் போனதால் நான் நிற்க வேண்டியதாயிற்று. நின்றதால் உள்ளே நடப்பதெல்லாம் தெரிந்தது. அந்தம்மா மடியில் ஒரு பேப்பர், கையில் பென்சில். அதில் என்னதான் எழுதுகிறார் என்று எனக்கு அரிப்பு தாங்கவில்லை. தண்ணீர் கொடுக்கிற சாக்கில் போய் எட்டிப் பார்த்தேன். எழுத்தே இல்லை. பெஞ்சு பெஞ்சாகக் கட்டம், கட்டத்துக்குள் புள்ளி. மிஸ் எந்தப் பிள்ளையைக் கேள்வி கேட்கிறாரோ அந்தப் பிள்ளையின் கட்டத்தில் ஒரு புள்ளி. அந்த ஸ்கூலில் எனக்குத் தடுமாறாமல் படிக்க வந்த ஒரே பேப்பர் அது.

சன்னல் பக்கம் முன்னால் இரண்டு பெஞ்சில் புள்ளி அப்பிக்கிடந்தது. சுவர்ப் பக்கம் சுத்தம். ஒரு கன்னத்தில் மட்டும் அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. சுவர்ப் பக்கம் மூன்றாவது பெஞ்சில் வெறுமையாக இருந்த ஒரு கட்டம் என் மகளுடையது. அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் டம்ளரைக் கொடுக்க மறந்துவிட்டேன். அந்தம்மாவே என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது தடவையும் அதே ஒரு கன்னம்தான். வகுப்பு முடிந்ததும் அந்தம்மா மிஸ்ஸோடு தனியாக உட்கார்ந்து பேசுவார். மிஸ் வெளியே வரும்போது முகம் வெளுத்திருக்கும்.

"நல்லாருக்குன்னும் சொல்ல மாட்டேங்குறாங்க, இல்லைன்னும் சொல்ல மாட்டேங்குறாங்க ஆயாம்மா. வாயத் தொறக்காத பசங்க யாரு யாருன்னு கேட்டாங்க. எனக்கு ஒரு பேரும் டக்குனு வரல."

மூன்றாவது தடவை அந்தம்மா வருகிற அன்று காலையில் நான் என் மூளையை உபயோகித்தேன். எப்போதாவதுதான் அப்படிச் செய்வது. புள்ளி விழாத இடத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளை உட்காரவைத்தால் அங்கேயும் புள்ளி விழும், பேப்பர் நிரம்பும், மிஸ் பிழைத்துக்கொள்வார். எல்லாரும் பிரேயரில் நின்றபோது வகுப்புக்குள் போய்ப் பைகளை இடம் மாற்றினேன். பை இருக்கிற இடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்துகொண்டன. கெட்டிக்காரர்கள் சுவர்ப் பக்கம், சுவர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சன்னல் பக்கம். அதில் என் மகளும் ஒருத்தி. அவளை வேண்டுமென்று மாற்றவில்லை என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மிஸ் பயத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் நேராகப் போர்டுக்குப் போனார். மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்று இங்கிலீஷில் கேட்டுக்கொண்டே திரும்பினார். பத்து வருஷப் பழக்கம். கை தானாகச் சன்னல் மூலைக்கு நீண்டது. விரலுக்கு நேராக என் மகள்.

எழுந்து நின்று பாவாடை ஓரத்தைத் திருகினாள். மிஸ்ஸுக்கு அப்போதுதான் அங்கே யார் இருக்கிறார்கள் என்பதே தெரிந்தது. வேறு நாளாக இருந்தால் "சிட் டவுன், நெக்ஸ்ட்" என்று தாண்டியிருப்பார். அன்றைக்குப் பின்னால் ஒரு பென்சில் காத்துக்கொண்டிருந்தது. தாண்ட முடியாமல் மிஸ்ஸும் காத்திருந்தார். நான் வாசலில் துடைப்பத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மிஸ் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேன்.

"எங்க வூட்டுக்குள்ள வரும் மிஸ்" என்றாள் என் மகள். தமிழில்.

அங்கே தமிழ் பேசினால் வெளியே போய் நிற்க வேண்டும். வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. "அப்புறம்?" என்று தமிழிலேயே கேட்டார்.

"அம்மா தட்டால மொண்டு மோரில ஊத்தும். மோரி ரொம்பிட்டா திரும்ப உள்ளாற வரும்."

சாக்கடைக்கு எங்கள் பக்கம் மோரி என்று பேர். என் வீட்டு லட்சணம் ஸ்கூல் முழுக்கத் தெரிந்துவிட்டதே என்று நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு பையன், "எங்க வூட்டுக்கு வந்துட்டுதான் மிஸ் அவங்க வூட்டுக்குப் போவும், நாங்கதான் மேல" என்று உரிமை கொண்டாடினான். அப்படியானால் மோரி எங்கே போகிறது என்று மிஸ் கேட்டார். அது பெரிய மோரிக்குப் போகும் என்றது ஒன்று, ஏரிக்கு என்றது இன்னொன்று. வாயைத் திறக்காத பிள்ளைகள் எல்லாம் சண்டைக்கு வந்தன. என்னதான் முடிவாகிறது என்று கேட்டுக்கொண்டிருந்ததில் மணி அடிக்க மறந்துவிட்டேன்.

ஸ்டூலைத் திருப்பிக் கொண்டுவந்த அந்தம்மா, பிள்ளைகளை இடம் மாற்றியது நீங்கள்தானே என்று பாதிக் கன்னடத்தில் கேட்டார். ஆமாம் என்று காரணத்தையும் சொன்னேன். அந்தம்மா சிரித்த சிரிப்பில் அந்த நாலாவது கால் ஆடியது. அப்புறம் பிரின்சிபாலிடம், இந்த டீச்சருக்குக் காத்திருக்கத் தெரிகிறது, இவரை விட்டுவிடாதீர்கள் என்று சொன்னதை நான் வராந்தாவைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். அந்த இடத்தை மூன்று தடவை துடைத்தேன்.

சாயங்காலம் கேட்டுக்குப் பக்கத்தில் மிஸ் என்னிடம் வந்து நின்றார். மூன்று பேப்பரையும் அவரிடம் காட்டியிருந்தார்கள்.

"பத்து வருஷமா நான் அந்த சன்னல் மூலைக்குத்தான் பாடம் நடத்தியிருக்கேன் ஆயாம்மா."

"அப்போ சன்னல் நல்லா படிச்சிருக்கும் மிஸ்" என்றேன். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வாரம் ஒரு தடவை பைகளை மாற்றுவது என் வேலை. ரிட்டயர் ஆகும்வரை மிஸ் அதை விடவில்லை.

போன வாரம் காபியோடு நின்றேன் என்றேனே. பேரனின் பென்சிலை எடுத்து, கேஸ் பில்லின் பின்பக்கம் பன்னிரண்டு கட்டம் போட்டுப் புள்ளி வைத்தேன். மீட்டிங் முடிந்ததும் மகளிடம் நீட்டினேன். மேல் வரிசை அப்பிக்கிடந்தது. கீழ் இரண்டு வரிசை சுத்தம்.

அவள் வாங்கிப் பார்த்தாள். "ம்மா, மேல இருக்கிறவங்கதான் வீடியோ ஆன்ல வச்சிருக்காங்க. மத்தவங்க மூஞ்சி தெரியலல்ல."

"பிலோமினா மிஸ்ஸுக்கும் அந்தப் பக்கந்தான் வெளிச்சம்."

கேஸ் பில்லை மடித்து லேப்டாப்புக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மறுநாள் கடைசி வரிசையில் இருட்டாக இருந்த ஒரு கட்டத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். சத்தமே இல்லை. இவளும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள், பாவாடை இல்லாததால் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் அந்தக் கட்டத்தில் ஒரு முகம் வந்தது.

அந்த ஸ்கூல் இப்போது இல்லை. கீழே மொபைல் கடை, மேலே ஜிம். சன்னல் இருந்த இடத்தில் மாடிப்படி ஏறுகிறது. மிஸ் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஜோல்னாப் பையம்மா எந்த ஊரில் இருக்கிறாரோ. ஸ்டூலை ஸ்கூல் மூடியபோது யாரோ எடுத்துப் போனார்கள். லேப்டாப்பில் எல்லாம் இருக்கிறது, கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஒருத்தர் உட்காரத்தான் இடமில்லை. அதனால் நான் காபியோடு நின்றுகொள்கிறேன்.