பனி உருகிய தண்ணீர் எங்கே போனது?

போன திங்கட்கிழமை காதர் நானா நான்காவது தடவையாக எங்கள் நீர்ப்பாசனக் கந்தோருக்கு வந்தார். லக்கலப் பக்கம் வயல் செய்கிறவர். அவர் ஊர்க் குளத்தின் கட்டு உடைந்து இரண்டு மாரி போய்விட்டது. புதுக் கட்டுக்குப் பிளான் வரைந்தவள் நான். வரைந்து முடித்து ஐந்து மாதம். இன்ஜினியர் துரையின் ஒப்பம் விழுந்தால் போதும், மண் சுமக்க ஊரே தயார். அடுத்த மாரிக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது.

"துரை இருக்காங்களா மிஸ்?"

"சர்க்கீட் போயிருக்காங்க நானா."

"போன தடவையும் சர்க்கீட்தான். நாடு முழுக்கச் சுத்துறவங்களுக்கு எங்க ஊரு மட்டும் ஆம்புடலியே!"

என்னிடமிருந்த சமாதானமெல்லாம் முதல் மூன்று தடவையில் தீர்ந்துவிட்டது. பிளானை மேசையில் விரித்துக் காட்டினேன். வேறென்ன செய்ய?

இந்தத் தடவை அவருடைய ஒன்பது வயது மகள் ஸித்தியும் வந்திருந்தாள். பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது. அக்கா மகனின் பிறந்தநாளுக்கு வாங்கிய இங்கிலீஷ் கதைப் புத்தகத்தைப் பிரித்து, கதையைத் தமிழில் சொன்னேன் — ஒரு மந்திரவாதி, அவன் சாபத்தால் ஏழு வருஷம் பனி கொட்டும் ஊர், சாபத்தை முறிக்கும் இரண்டு பிள்ளைகள்.

இந்த வகைப் புத்தகங்களுக்கு என்னிடம் ஒரு பட்டியல் உண்டு. கம்பளிக் கோட்டு. பேசும் மிருகம். சூடான சூப். கடைசிப் பக்கத்தில் பனி உருகும், எல்லாம் சுபம்.

ஸித்திக்கு அந்தப் பட்டியல் தெரியாது.

"பனின்னா தண்ணி கட்டியாக் கெடக்குறதுதானே மிஸ்?"

"ஆமா."

"ஏழு வருஷத் தண்ணியா! அப்ப மந்திரவாதி நல்லவன்தானே?"

காதர் நானா சிரித்தார். "அவன்ட விலாசத்தக் கேளு புள்ள. துரைக்கு எழுதுற கடுதாசிய அவனுக்கு எழுதுவோம்."

கடைசிப் பக்கம். பனி உருகி, ஆறு பெருகி, ஊரே ஆடுகிறது. ஸித்தியின் முகம் மட்டும் வாடிவிட்டது.

"எல்லாம் ஆத்தோட போகுதே... குளம் எங்க மிஸ்?"

தேடினேன். இல்லை. இத்தனை பனிக்கதை எழுதியவர்களில் ஒருவராவது அந்தத் தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட்டாரா? அவர்கள் கதை முடிகிற இடத்தில்தான் எங்கள் வேலை ஆரம்பிக்கிறது. ஆரம்பித்து... சரி, விடுங்கள்.

ஃபைலை எடுத்துக்கொண்டு பெரிய கிளாக்கரிடம் போனேன்.

"துரை வந்ததும் இத முதல்ல வைங்க ஐயா."

"எல்லாமே முதல்லதான் தங்கச்சி" என்று இடுப்பளவு அடுக்கைக் காட்டினார்.

திரும்பி வந்தால், ஸித்தியின் கையில் என் வரைபேனா! புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே வளைந்த கட்டு, ஒரு மதகு, கீழே கட்டம் கட்டமாக வயல். மேசையிலிருந்த பிளானைப் பார்த்துப் போட்டிருக்கிறாள். மதகு சரியான இடத்தில் இருந்தது.

"மிஸ்ஸோட புத்தகத்த நாசமாக்கிட்டியே!" காதர் நானா கையை ஓங்கினார். தடுத்தேன். அந்த மை அழியாது. அக்கா மகனுக்குக் கலர் பென்சில் வாங்கினால் போயிற்று.

வாப்பாவும் மகளும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். அவர் கையில் ஒன்றுமில்லை. அவள் கையில் புத்தகம்.

இந்த வருஷம் எங்கள் கந்தோரிலிருந்து கட்டி முடிந்து வெளியே போன ஒரே குளம் அதுதான்.