பரீட்சைக்கு வராத பாடம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்பு பட்டறையை ஒற்றை ஆளாக நின்று உண்டாக்கியவனும் நான்தான். ஓடுகிற மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தால் பேரிங் எப்போது போகும் என்று சொல்லிவிடுவேன். இன்றைக்கும் சொல்வேன்.

என் தம்பியைத் தமிழ் வழியில் பி.காம். படிக்க வைத்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் படிப்பை முடித்துவிட்டுப் பட்டறைக்கே வந்தான். ஆடிட்டர் முன்னால் வாய் மூடி உட்கார எனக்குப் பிடிக்காது. "அந்தக் கணக்கை எனக்கும் சொல்லிக் குடுடா" என்றேன்.

ஆட்கள் கிளம்பியதும் அவனுடைய கல்லூரிப் புத்தகத்தை விரித்து உட்காருவோம். பற்று, வரவு, தேய்மானம், சராசரி. ஒரு முறை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வேன்.

"காலேஜ் வாத்தியாரே உங்களப் பாத்தா எந்திரிச்சு நின்னுபோடுவாருங்கண்ணா" என்பான். பொய்யில்லையே, நம்பினேன்.

சொத்து மதிப்புப் பாடம் நடக்கும்போது ஒருநாள் சில பக்கங்களைச் சேர்த்துப் பிடித்துத் திருப்பினான்.

"ஏன்டா தாண்டறே?"

"அது பரீட்சைக்கு வராதுங்கண்ணா. நமக்கெதுக்குங்க அது?"

அவனுக்குக் கல்யாணமான மறுவருஷம், தனியாகப் பிரிய வேண்டும் என்றான். எங்கள் குடும்பத்து வழக்கப்படி மூத்தவன் பங்கு பிரிப்பான், இளையவன் முதலில் எடுப்பான். கோணலாகப் பிரித்தால் கெட்ட பங்கு மூத்தவன் தலையில்தான் விழும். அதனால் பிரிப்பு நேராக இருக்கும்.

பங்கு பிரிக்கிற அன்றைக்கு, ஆடிட்டரைக் கூப்பிடலாம் என்றார் தாய்மாமன்.

"எதுக்குங்க மாமா? நானே போடறேன்" என்றேன். கற்றதையெல்லாம் சபையில் காட்டினேன். மெஷினுக்குத் தேய்மானம் கழித்தேன், இருப்புச் சரக்கைச் சேர்த்தேன். ஒரு பங்கில் பெரிய ஷெட்டும் புது மெஷின்களும் பேங்க் கடனும். இன்னொன்றில் சின்ன ஷெட்டும் பழைய லேத்தும் ரொக்கமும். இரண்டும் சமம்.

தம்பி சின்னதைத் தொட்டான். "பெருசு அண்ணனுக்கே இருக்கட்டுங்க. வாசல்ல தொங்கற போர்டும் கம்பெனி பேரும் மட்டும் எனக்குக் குடுத்துருங்க."

"தகரந்தானேடா, கழட்டிக்கோ."

மாமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்படியொரு தம்பி ஆருக்குடா கெடைப்பான்!"

பிரிந்த பிறகு, புதுப் பேர் ஒட்டிய என் பம்புகளை டெம்போவில் ஏற்றி, பழைய சிநேகிதரான காந்திபுரம் கடைக்காரரிடம் போனேன். அவர் பம்பைத் தட்டிப் பார்த்தார்.

"உங்க கை வேலைதானுங்க, எனக்குத் தெரியாதுங்களா? ஆனா தோட்டத்துக்காரரு பழைய பேரச் சொல்லித்தானுங்க கேக்கறாரு. அது உங்க தம்பி பம்புல இருக்குதுங்களே. இதை நான் ஆருகிட்டங்க விக்கறது?"

ஏற்றிய பம்புகள் அதே டெம்போவில் திரும்பின. மற்றக் கடைகளும் ஒவ்வொன்றாக அவன் பக்கம் போயின. புது மெஷின்கள் சும்மா நின்றன. வேறொருவனாக இருந்தால் ஷெட்டைப் பூட்டியிருப்பான். நான் பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்கு உதிரிபாகங்கள் கடைந்து கொடுத்துக் கடனை அடைத்தேன். அப்போதுகூட, தம்பிக்கு நேரம் நன்றாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

சில வருஷம் கழித்து என் மகள் அதே படிப்பில் சேர்ந்தாள். ஒருநாள் சாயந்தரம் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு சொல் காதில் விழுந்தது.

"நற்பெயரா? கணக்குல அதுக்கென்ன கண்ணு வேலை?"

"ஒரு யாவாரத்தோட பேருக்காகவே ஆளுக தேடி வருவாங்கல்லங்கப்பா? அந்தப் பேரும் சொத்துத்தானுங்க. பங்கு பிரிக்கையில அதுக்கும் வெலை போட்டுச் சேக்கோணும்."

"இது பரீட்சைக்கு வருமா?"

"வருசந்தவறாம வருமுங்கப்பா. இது வராம எப்படிங்க?"

புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமலே அந்தப் பக்கங்கள் எனக்கு விளங்கின. பிரிவதற்கு முந்தைய வருஷங்களின் லாபத்துக்குச் சராசரி எடுத்து, எங்கள் பேருக்கு விலை போட்டேன். மகள் சரிபார்த்தாள்.

"செரியாத்தான் போட்டிருக்கறீங்கப்பா."

ஷெட்டும் மெஷினும் சேர்ந்தாலும் அந்த விலைக்குக் கிட்டே வரவில்லை. தகரம் என்று நான் கழற்றிக் கொடுத்தது அதைத்தான்.