சூடு பார்த்து வாங்கிய அடாப்டர்

"டுடுங்..."

அடுப்படியில் காபிக்குப் பாலைக் கலக்கிக்கொண்டிருந்த லோகப்பிரியாவின் கை அப்படியே நின்றது. சத்தம் முன்னறையிலிருந்து. கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் ஏதோ ஒன்று தொடர்பு அறுந்தால் எழும் சத்தம். கொஞ்ச நாளாகவே அவள் தூக்கத்தைத் தின்ற சத்தம்.

மருதமலை முருகா, இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று காலையிலிருந்து கெஞ்சியிருந்தாள். முருகன் காது கொடுக்கவில்லை. அதுவும் கம்பெனி ஆள் கிருபாசங்கர் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்! அவன் வரும்போதே ஒரு காலி அட்டைப்பெட்டியும் கொண்டு வந்திருந்தான். அது எதற்கென்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

கம்ப்யூட்டர் கம்பெனியுடையது. வெளிநாட்டு டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு, சிங்காநல்லூர் வீட்டில் உட்கார்ந்து டைப் அடிப்பது லோகப்பிரியாவின் வேலை. கணவன் செங்கோடன் மோட்டார் கம்பெனியில் இருந்தவன். போன வருஷம் பிரஸ் மிஷின் அவனுடைய வலது கை விரல்களை வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் உலை கொதிப்பது இவளுடைய பத்து விரல்களால்தான்.

மாடியில் வீட்டுக்காரர் வைத்திருக்கும் வைஃபை இவள் கம்ப்யூட்டருக்கு வந்து சேருவது, கட்டைவிரல் அளவு அடாப்டர் ஒன்றின் வழியாக. அது பழசாகி, சூடேறிச் சூடேறி நின்றது. செல்போனை வயரில் மாட்டி அதன் நெட்டை எடுத்துப் பார்த்தாள். கம்பெனியின் சாஃப்ட்வேர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆன்லைனில் நகம் அளவில் ஒன்று வாங்கினாள். பெட்டி முழுக்க ஸ்பீடு ஸ்பீடு என்று போட்டிருந்தது. அதுவும் பாதி வேலையில் கைவிட்டது.

"இன்னொரு தடவை லைன் போச்சுன்னா ஆள் வருவாருங்க. லைன் நிக்கலைன்னா கம்ப்யூட்டரை எடுத்துட்டு வந்துருவாருங்க" என்று சூப்பர்வைசர் போனில் சொல்லியிருந்தார். லைன் இன்னொரு தடவையும் போனது. இன்றைக்கு ஆள் வருவதாகத் தகவல் வந்தது.

செங்கோடன்தான் நேற்று வழி சொன்னான். "பொட்டி மேல இருக்கற எழுத்தப் பாக்காதே கண்ணு. மோட்டார ஓட உட்டுத் தொட்டுப் பாக்கற மாதிரி பாரு. சூடு பொய் சொல்லாது."

காந்திபுரத்துக் கடையில் அவள் அதைத்தான் கேட்டாள். "ஏனுங்க, இதைய மாட்டிக் கொஞ்ச நேரம் ஓட உட்டுக் காட்டுங்க."

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "ஏம்மிணி, இதென்ன போர்வெல் மோட்டாருங்களா?"

"மோட்டாரு நின்னா தண்ணிதானுங்க நிக்கும். இது நின்னா எங்கூட்டுச் சோறு நின்னு போகுமுங்க."

அவர் சிரிப்பு அடங்கியது. ஒவ்வொன்றாகக் கடை லேப்டாப்பில் மாட்டி, பெரிய வீடியோ ஒன்றை ஓடவிட்டார். அவள் புறங்கையை வைத்து வைத்துப் பார்த்தாள். ஒன்று இட்லிக் கொப்பரை மாதிரி கொதித்தது. ஒன்று சுடவில்லை, ஆனால் சுவருக்கு அந்தப்பக்கம் போனதும் சிக்னலை விட்டுவிட்டது. கடைசியாக மாட்டியதற்குச் சின்னதாக ஒரு ஆன்டெனா. கம்ப்யூட்டரின் தகரப் பெட்டிக்குப் பின்னால் ஒளியாமல் மேசை மேல் நிற்க, கூடவே ஒரு குட்டி வயர். சிடி எதுவும் போடாமலே கம்ப்யூட்டர் அதை அடையாளம் கண்டுகொண்டது. கெட்டால் மாற்றித் தருவதாகக் கடைக்காரரும் வாக்குக் கொடுத்தார். தொட்டால் குழந்தையின் நெற்றி போல் இளஞ்சூடு. அதைத்தான் எடுத்தாள். நேற்று ராத்திரி வேலை முடியும் வரை லைன் அறுபடவே இல்லை.

இப்போது மட்டும் என்ன?

முன்னறைக்கு ஓடினாள். "லைன் போச்சுங்களே மேடம்" என்றான் கிருபாசங்கர். அவன் கால் அட்டைப்பெட்டியின் மேல் லேசாகத் தட்டியது.

குனிந்து அடாப்டரைப் பார்த்தாள். அதன் நெற்றியில் கொழகொழவென்று சந்தனம், நடுவில் குங்குமம். வழிந்த சந்தனம் வயரோடு சேரும் வாய்க்குள் இறங்கியிருந்தது.

வாசற்படியில் செங்கோடன் நின்றான். புதுசாக வீட்டுக்கு வந்த சாமானுக்குப் பொட்டு வைக்காமல் விட அவனுக்கு மனம் வரவில்லை; ஆள் வருவதற்குச் சற்று முன்னால் வைத்திருந்தான். பழகாத இடது கை, அளவு தெரியவில்லை. விரல் நுனியெல்லாம் மஞ்சள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"நாந்தானுங்க..." என்று அவன் வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "என் தப்புத்தானுங்க சார். சாமி கும்பிட்டுப்போட்டுச் சந்தனக் கையோட தொட்டுட்டேனுங்க. ஒரு நிமிசம் குடுங்க."

கிருபாசங்கர் அவளைப் பார்த்தான். செங்கோடனின் கையைப் பார்த்தான்.

கழற்றினாள். முந்தானை நுனியை முறுக்கி உள்ளே விட்டுத் துடைத்தாள். ஃபேனுக்கு நேராகப் பிடித்து, ஈரம் போகும் வரை ஊதினாள். உள்ளே கருகியிருந்தால்? திரும்பச் செருகினாள்.

சத்தமே இல்லை. அப்புறம், மெல்ல, "டிடிங்..." பச்சை விளக்கு மினுக்கியது.

லைன் வந்துவிட்டது. நிற்குமா? அவள் கொண்டுவந்த காபியைக் கிருபாசங்கர் குடித்தான். மூவரும் அந்தப் பச்சைப் புள்ளியையே பார்த்தார்கள். அது ஒவ்வொரு முறை அணைந்து மினுக்கும்போதும் அவள் உயிர் போய் வந்தது. டம்ளரில் காபி தீர்ந்த பிறகும் அவன் எழவில்லை. கடைசியில் புறங்கையை அடாப்டரின் மேல் வைத்துப் பார்த்தான்.

"நல்ல சாமானாத்தான் வாங்கியிருக்கீங்க மேடம். லைன் நிக்குதுன்னு சொல்லிர்றேன்."

காலி அட்டைப்பெட்டியை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். வாசலில் செங்கோடனைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்தினான். "அண்ணா, கையக் கழுவிக்குங்க."

செங்கோடன் தலைகுனிந்தான். லோகப்பிரியா கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமல், முன்னறையில் மறுபடி அந்தச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தபடி அங்கேயே நின்றாள்.