சம்மணம் டீச்சர்

எங்கள் டிரைவிங் ஸ்கூலில் ஒரு வண்டி, ஒரு டீச்சர், ஒரு முதலாளி. முதலாளி நான். இந்த மூன்றில் யாருக்கு மவுசு என்று தெருவில் கேட்டால் டீச்சருக்கு என்பார்கள், அடுத்ததாக வண்டிக்கு என்பார்கள். என் பேச்சு எடுபடுவதில்லை. மின்கட்டணம் கட்டும் நாளில் மட்டும் எல்லோருக்கும் என் ஞாபகம் வரும்.

டீச்சர் அதற்கு முன்பு ஒரு பேக்கரியில் ரொட்டி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். விடிவதற்குள் ஊரில் உள்ள கடைகளுக்கெல்லாம் ரொட்டி போய்ச் சேர வேண்டும். வேலை கேட்டு வந்தபோது, "எவ்வளவு நாளா வண்டி ஓட்டுறீங்க?" என்று கேட்டேன். "ஓட்டினதை விட நிறுத்தினதுதான் சார் அதிகம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த கையோடு வேலையையும் கொடுத்துவிட்டேன். அவர் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொன்னால், "மேல கீழ போறது என் வேலை, முன்ன பின்ன போறது அவ வேலை" என்று நழுவிவிடுவார்.

பயிற்சி வண்டியில் டீச்சர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் இருக்கும். படிக்க வந்தவர் தடுமாறினால் இவர் மிதிப்பார். வந்தவரோ தானே ஓட்டியதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பெருமை அடித்துக்கொள்வார். ஊரிலுள்ள எல்லா டிரைவிங் ஸ்கூல்களும் இப்படித்தான் ஓடுகின்றன. எங்கள் டீச்சருக்கு மட்டும் தனியாக ஒரு வழக்கம். ஆள் தேறிவிட்டார் என்று அவர் மனதுக்குப் பட்டால், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு காலையும் மடக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். இனி பிரேக் உன் பாடு என்று அர்த்தம். அதன் பிறகுதான் பயிற்சி முடிந்தது என்ற படிவத்தில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் லைசென்ஸ் தேர்வுக்குப் போக முடியாது. ஒரு பல் டாக்டர் அம்மா, தனக்குச் சம்மணம் போட்ட அன்று தன் கிளினிக்கில் இருந்த அத்தனை பேருக்கும் மிட்டாய் கொடுத்தாராம். பல் டாக்டரே மிட்டாய் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் வளர்கிற வேகத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. போன வருடம் முள்செடி இருந்த இடத்தில் இன்றைக்குப் பால்கனி பால்கனியாகத் துணி காய்கிறது. ஆள் பெருகியாயிற்று, வண்டி பெருகியாயிற்று, பொறுமைதான் பற்றாக்குறை. பச்சை விளக்கு எரிவதற்கு முன்பே பின்னால் நிற்பவன் ஹாரனை அமுக்குகிறான். அவன் அவசரமெல்லாம் அடுத்த சிவப்பு விளக்கில் போய் நிற்பதற்குத்தான். நடந்து போகிறவர்களுக்காகப் போட்ட வெள்ளைக் கோடுகளின் மேல் கார்கள் சொகுசாக நிற்கின்றன. மனிதர்கள் ஒரு கையை நீட்டிக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். இதையெல்லாம் நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த லட்சணத்தில்தான் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, கார் வாங்கினான். டைல்ஸ் கடை வைத்திருக்கிறான், நல்ல உழைப்பாளி. கார் வந்து இரண்டு மாதமாக அவன் வீட்டு வாசலில் உறை போட்டு நின்றது. வாட்ச்மேன் தினமும் உறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நம் ஸ்கூல் இருக்கும்போது வெளியே எதற்கு என்று என்னிடமே அனுப்பிவிட்டார்கள். எந்த வேளையில் தலையை ஆட்டினேனோ தெரியவில்லை.

மச்சான் ஒரே வாரத்தில் வண்டியை வளைத்து வளைத்து ஓட்டினான். ரிவர்ஸ் எடுப்பதை நின்று பார்க்கலாம். ஆனால் டீச்சர் கால் மடக்கவில்லை. அவனுக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் தேறிப் போய்விட்டார்கள். காரணம் கேட்டேன்.

"வண்டி நல்லா ஓட்டுறாரு சார். ஆனா ரோட்டுல வண்டி மட்டும்தான் அவரு கண்ணுக்குத் தெரியுது. நடந்து போறவங்க தெரியல" என்றார்.

இதை நான் வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"என் தம்பிக்குக் கண்ணு தெரியலையா? ஸ்கூல் உங்களுதா, அந்த அம்மாவோடதா?" என்றாள் என் மனைவி. அன்றிலிருந்து வீட்டில் எனக்கும் சிவப்பு விளக்குதான். சாப்பாடு மேசைக்கு வரும், பேச்சு வராது. ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் டீச்சரிடம் போய், இந்த வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன். இவர் போனால் ஸ்கூல் அவ்வளவுதான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

டீச்சர் கோபப்படவில்லை. "சரிங்க சார். வெள்ளிக்கிழமை காலைல நீங்களும் பின்னாடி வந்து உக்காருங்க. பாத்துட்டு நீங்களே சொல்லுங்க" என்றார்.

உட்கார்ந்தேன். மச்சான் கூலிங் கிளாஸ் போட்டு வந்திருந்தான். புதுப் பாலத்தில் ஏறி இறங்கி, ஆஸ்பத்திரி முன்னால் வந்தோம். வெள்ளைக் கோடுகளின் மேல் ஒருவர் ஊன்றுகோலோடு கடந்துகொண்டிருந்தார். வண்டி அலுங்காமல் நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா டீச்சர், எவ்ளோ அழகா நிறுத்துறான்!"

"சார், கொஞ்சம் எட்டி இங்க கீழ பாருங்க."

எட்டிப் பார்த்தேன். டீச்சரின் கால் பிரேக்கின் மேல் இருந்தது.

"நான்தான மாமா நிறுத்தினேன்?" என்றான் மச்சான். பொய் சொல்லவில்லை. இத்தனை நாளும் தானே நிறுத்தியதாகத்தான் அவன் மனதார நம்பியிருக்கிறான்.

"நீங்க மிதிச்சது கிளட்சுங்க. அதுவும் வண்டி வேகம் கொறஞ்ச பிறகு" என்றார் டீச்சர். "மெதுவா எடுங்க. இப்ப நான் கால எடுத்துக்கறேன். இனிமே பிரேக் உங்ககிட்ட மட்டும்தான்."

செருப்பைக் கழற்றினார். சம்மணம் போட்டார். மச்சானின் முகத்தில் ஈயாடவில்லை. கூலிங் கிளாஸைக் கழற்றி என்னிடம் நீட்டினான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் பின்சீட்டிலிருந்து எனக்கு ஒன்று தெரிந்தது. டீச்சரின் கை ஹேண்ட் பிரேக்கை இறுகப் பிடித்திருந்தது. மச்சானுக்கு அது தெரியாது. தெருவைத் தவிர வேறெதையும் பார்க்கும் நிலையில் அவன் இல்லை.

சட்டை தைக்கும் கம்பெனி வாசலில் அடுத்த வெள்ளைக் கோடு. இரவு ஷிஃப்ட் முடிந்து பெண்கள் கூட்டமாக ஓரத்தில் நின்றார்கள். மச்சானின் கை பழக்கதோஷத்தில் ஹாரன் பக்கம் போனது, பாதியில் திரும்பி வந்தது. வண்டி நின்றது. நின்ற வேகத்தில் என் மூக்கு முன்சீட்டில் இடித்தது. ஆனாலும் கோட்டுக்கு முன்னால் நின்றது, அவனே நிறுத்தினான்.

பெண்கள் கடக்க ஆரம்பித்தார்கள். கடைசியாக வந்த அம்மா மட்டும், தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, எங்கள் வண்டிக்கு நேராக வந்ததும் தயங்கி நின்றுவிட்டார். நீங்கள் போங்கள் என்று எங்களுக்குக் கை காட்டினார். மச்சான் அவருக்குக் கை காட்டினான். அவர் ஓர் அடி வைத்தார், வண்டியைப் பார்த்தார், அந்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. ஒரு டெம்போக்காரன் தலையை வெளியே நீட்டி, "யோவ், வண்டிய மியூசியத்துல வச்சிருக்கியா?" என்று கத்தினான்.

டீச்சர் சம்மணத்தைக் கலைக்கவில்லை.

மச்சான் இன்ஜினை அணைத்தான். சாவியை எடுத்து, முன்கண்ணாடிக்கு நேரே தூக்கி அந்த அம்மாவுக்குக் காட்டினான். அப்போதும் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. எங்கள் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், பக்கவாட்டாகவே நடந்து, கடைசி நாலு எட்டை ஓடிக் கடந்தார். அந்தப் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. என்ன ஆயிற்று இவனுக்கு என்பது போலப் பார்த்துவிட்டுப் போனார்.

டெம்போக்காரன் எங்களைச் சுற்றிக்கொண்டு போகும்போது இன்னும் இரண்டு வார்த்தை சொன்னான். மச்சான் காதில் வாங்கவில்லை. சாவி அவன் கையிலேயே இருந்தது.

"அந்தம்மா என்ன நம்பவே இல்லையே மாமா" என்றான். "சாவியக் காட்டியும் நம்பல. அவங்க மேல வண்டிய ஏத்திடுவேன்னு நெனச்சிருக்காங்க."

சின்ன வயதிலிருந்து பார்க்கிற பிள்ளை, ஓர் எறும்புக்கும் கெடுதல் நினைக்காதவன்.

டீச்சர் காலை இறக்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார். "வண்டிய எடுத்து ஓரமா நிறுத்துங்க, படிவத்தைக் குடுங்க" என்றார்.

"இல்ல டீச்சர், இன்னும் கொஞ்ச நாள் வரேனே. இதே நேரத்துக்கு, இதே ரோட்டுல."

"எதுக்குங்க? உங்களுக்கு வந்துருச்சே."

"எனக்கு வந்தா போதுமா? அந்தம்மாவுக்கு நம்பிக்கை வரணும்ல."

டீச்சர் சரி என்று தலையை ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, சாதாரணமாகத்தான் கேட்டார். "சார், வேற ஆள் பாத்துக்கறதா சொன்னீங்க. நான் நாளைக்கு வரணுமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வராம? இவன யாரு தினமும் கூட்டிட்டுப் போறது? எங்க வீட்டுக்கும் நீங்கதான் வரணும். இவன் அக்காகிட்ட என்னால பேச முடியாது."